மலைநாட்டானுக்கு ஒரு பாடல்: பிரெடி மேர்க்குரியின் இரண்டு பெயர்கள்

1986ஆம் ஆண்டு வெளிவந்த ஹைலேண்டர் என்ற ஆங்கிலப் படத்தின் பெயரைத் தமிழில் மலைநாட்டான் என்றுதான் சொல்லவேண்டும். கண்டியையும் சுற்றியுள்ள மலைகளையும் ஊராகக் கொண்டவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. படத்தின் நாயகன் 1518இல் ஸ்கொட்லாந்தின் மலைக் கிராமமொன்றில் பிறந்தவன். போரில் மரண காயம் பட்டும் சாகாமல் எழுந்துவிடுகிறான். பேயோடு கூட்டுச் சேர்ந்தவன் என்று சொல்லி அவனுடைய ஊராரே அவனை அடித்துத் துரத்துகிறார்கள். அதன் பின் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவன் நாடு நாடாக அலைகிறான். தலைமுறை மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றிக்கொள்கிறான்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில், எழுத்துகள் ஓடும்போது ஒரு பாடல் ஒலிக்கும். அதை எழுதிப் பாடியவரும் பிறந்த ஊரைவிட்டு ஓடவேண்டி வந்தவர்தான். அவரும் பெயரை மாற்றிக்கொண்டவர்தான். உலகம் அவரை பிரெடி மேர்க்குரி என்று அறியும். பெற்றோர் வைத்த பெயர் பரோக் புல்சாரா.

குயின் இசைக்குழுவின் பாடகரான மேர்க்குரியை ஆங்கில ரொக் இசையின் அரசன் என்று எழுதுவது வழக்கம். கூட்டத்தைக் கையசைவில் ஆட்டிவைத்த அந்த மனிதருக்கு அரசன் என்ற பட்டம் பொருந்தாததல்ல. ஆனால் அந்த அரசுக்குப் பரம்பரை எதுவும் கிடையாது. பெயர், இலச்சினை, குடிமக்கள் என்று எல்லாவற்றையும் அவரே தேடிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் ஹைலேண்டர் பாடலின் பெருமிதம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

சன்சிபாரிலிருந்து மலைப் பள்ளிக்கு

பரோக் 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி சன்சிபார் தீவில் பிறந்தார். கிழக்காபிரிக்கக் கரையோரத்தில் உள்ள அந்தத் தீவு அப்போது பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தது. தந்தை பொமி, பிரித்தானிய நிர்வாகத்தில் காசாளர். தாயார் ஜெர். குடும்பம் குஜராத்திலிருந்து வந்த பார்சிக் குடும்பம். இன்று வல்சாட் எனப்படும் புல்சார் என்ற ஊரின் பெயர்தான் புல்சாரா என்ற குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பார்சிகளே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பாரசீகத்திலிருந்து இந்தியக் கரைக்கு அடைக்கலம் தேடி வந்தவர்களின் சந்ததி. கொழும்பிலும் அவர்களுடைய சிறு சமூகமொன்று பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறது. ஆக, பரோக் பிறக்கும்போதே அவருடைய குடும்பக் கதையில் இரண்டு புலம்பெயர்வுகள் இருந்தன.

எட்டு வயதில் அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில், மும்பைக்குத் தெற்கே உள்ள பஞ்ச்கனியில் புனித பேதுரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆங்கிலத் திருச்சபையினர் மலைக் குளிரில் நடத்திய பள்ளி அது. கண்டியின் திருத்துவக் கல்லூரியையும் கிங்ஸ்வூட் கல்லூரியையும் அறிந்தவர்களுக்கு அந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. காலை மணி, சிற்றாலயம், கிரிக்கெட், பியானோ, ஊருக்கு எழுதும் கடிதங்கள். பெற்றோர் கடல் கடந்து இருந்ததால் விடுமுறைக்கும் பரோக்கால் எப்போதும் வீட்டுக்குப் போக முடிந்ததில்லை. பல விடுமுறைகள் பம்பாயில் உறவினர் வீட்டில் கழிந்தன.

பரோக் என்று அழைக்கச் சிரமப்பட்ட பள்ளித் தோழர்கள் அவரை பிரெடி ஆக்கினார்கள். வீட்டாரும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். வாயின் பின்புறம் மேலதிகமாக நான்கு பற்கள் முளைத்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. அதற்காகப் பட்டப்பெயரும் கிடைத்தது. பிற்காலத்தில் கோடிக்கணக்கில் உழைத்தபோதும் அந்தப் பற்களைச் சீர்செய்ய அவர் மறுத்துவிட்டார். வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது.

பன்னிரண்டு வயதளவில் தோழர்களுடன் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். ஆங்கில, அமெரிக்க வானொலிப் பாடல்களை அவர்கள் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். அந்தக் குழுவில் பரோக் முன்னணிப் பாடகர் அல்ல. பியானோவுக்குப் பின்னால் இருந்தவர். பின்னாளில் அரங்கங்களை நிறைத்த அந்தக் குரல் முன்வரிசைக்கு வர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது.

1964

1963இல் பரோக் சன்சிபார் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் தீவு சுதந்திரம் பெற்றது. ஒரு மாதம் கடந்து ஓரிரு நாட்களிலேயே, 1964 ஜனவரி 12ஆம் திகதி புரட்சி வெடித்தது. சுல்தான் நாட்டைவிட்டு ஓடினார். அரபு வம்சத்தவரும் ஆசியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பியது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே பெல்தம் என்ற புறநகரில் சிறிய வீடொன்றில் குடியேறியது. பரோக்குக்கு அப்போது பதினேழு வயது.

அதே 1964இன் ஒக்டோபரில்தான் இங்கே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு பிரதமர்கள் முடிவுசெய்தார்கள். மீதி 150,000 பேரின் கதி பின்னர் பார்க்கலாம் என்று விடப்பட்டது. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றல்ல. புல்சாராக்களிடம் பிரித்தானியாவுக்குள் நுழைவதற்கான உரிமை இருந்தது. நமது மக்களிடம் எந்த நாட்டின் கடதாசியும் இருக்கவில்லை. ஆனாலும் வேர் ஒன்றுதான். பேரரசு தன் தேவைக்காகக் கடல் கடந்து கொண்டுபோன மனிதர்களை, பேரரசு விலகியபின் எந்த நாடும் தன்னுடையவர் என்று சொல்ல முன்வரவில்லை. சன்சிபாரில் இந்தியர் எனப்பட்டவர் இங்கிலாந்தில் வெறும் குடியேறி ஆனார். இலங்கையில் இந்தியர் எனப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இறங்கியபோது சிலோன்காரர் ஆனார்கள்.

பெல்தத்தில் பிரெடி மூட்டை தூக்கினார். ஹீத்ரோவில் பயணப்பொதிகளை ஏற்றி இறக்கும் வேலை. இடையே ஐசில்வேர்த்திலும் பின்னர் ஈலிங் கலைக் கல்லூரியிலும் வரைகலை படித்து 1969இல் வெளியேறினார். கென்சிங்டன் சந்தையில் பழைய உடுப்புகள் விற்றார். அவரோடு அந்தக் கடையில் நின்றவர் ட்ரம்ஸ் வாசிக்கும் ரொஜர் ரெய்லர். பல் மருத்துவம் படிக்க வந்து இசைக்குத் திரும்பியவர். அவரும் வானியல் மாணவரான கிற்றார் கலைஞர் பிரையன் மேயும் சேர்ந்து ஸ்மைல் என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

தானே வரைந்த இலச்சினை

1970இல் ஸ்மைல் குழுவின் பாடகர் விலகினார். அந்த இடத்துக்கு பிரெடி வந்தார். குழுவுக்கு குயின் என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதே காலத்தில் தன் குடும்பப் பெயரையும் மேர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு பேஸ் கிற்றார் வாசிக்க ஜோன் டீக்கன் சேர்ந்தார். நால்வரும் இருபது ஆண்டுகள் பிரியவில்லை.

கல்லூரியில் கற்ற வரைகலை அப்போது கைகொடுத்தது. குழுவின் இலச்சினையை மேர்க்குரியே வரைந்தார். நால்வரின் இராசிகளும் அதில் உண்டு. சிம்ம இராசிக்காரரான ரெய்லருக்கும் டீக்கனுக்கும் இரண்டு சிங்கங்கள், மேக்கு நண்டு, கன்னி இராசிக்காரரான தனக்கு இரண்டு தேவதைகள். மேலே சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை. பிரித்தானிய அரச முத்திரையைப் போலவே தோன்றும் அந்தச் சின்னத்தை வரைந்தவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்த நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்த இளைஞர்.

அவர் ஏன் தன் பூர்வீகத்தைப் பேசவில்லை என்ற கேள்வி பின்னர் பலரால் எழுப்பப்பட்டது. நேர்காணல்களில் அவர் சன்சிபாரையும் பஞ்ச்கனியையும் பெரும்பாலும் தவிர்த்தார். தன் சமூகத்தை மறைத்தவர் என்று அவரைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது எந்தக் காலம் என்பதையும் பார்க்கவேண்டும். 1968இல் ஈனொக் பவெல் என்ற பிரித்தானிய அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராக ஆற்றிய உரைக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளர் ஊர்வலமாகப் போய் ஆதரவு தெரிவித்தார்கள். தெற்காசிய முகங்கள் தெருவில் அடிவாங்கிய ஆண்டுகள் அவை. புல்சாரா என்ற பெயரோடு ரொக் மேடையின் நடுவில் நிற்க அந்த நாடு இடம் கொடுத்திருக்குமா என்பது சந்தேகமே.

1973இல் முதல் அல்பம் வந்தது. 1975இல் பொஹீமியன் ரப்சொடி வந்தது. ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் பாடல். பல்லவி திரும்பி வராது. நடுவில் ஒப்பேரா நாடகம்போல ஒரு பகுதி, பிறகு கனமான ரொக், முடிவில் அமைதி. இவ்வளவு நீளமான பாடலை எந்த வானொலியும் போடாது என்று சொன்னவர்கள் ஏமாந்தார்கள். அது பிரித்தானியப் பட்டியலில் தொடர்ந்து ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதன் ஒப்பேராப் பகுதியில் கேட்கும் பெருங்கூட்டம் உண்மையில் மேர்க்குரி, மே, ரெய்லர் என்ற மூன்று பேர்தான். குரல்களைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இந்த அடுக்கும் வித்தையை ஹைலேண்டர் பாடலிலும் கேட்கலாம்.

படத்துக்கு முன் ஒரு கறை

ஹைலேண்டர் வாய்ப்பு வருவதற்கு முன்பே சினிமா அவர்களுக்குப் பழக்கம்தான். 1980இல் பிளாஷ் கோர்டன் படத்துக்கு குயின் இசையமைத்தது. அதன் தலைப்புப் பாடல் பிரையன் மே எழுதியது. 1984இல் மெட்ரோபொலிஸ் என்ற பழைய ஜேர்மன் மௌனப் படத்தைப் புதிய இசையோடு வெளியிட்டபோது, இசையமைப்பாளர் ஜோர்ஜியோ மொரோடருடன் சேர்ந்து மேர்க்குரி தனியாக ஒரு பாடலைத் தந்தார்.

அதே ஆண்டில் அவர்களுடைய பெயரில் பெரிய கறையொன்றும் படிந்தது. 1984 ஒக்டோபரில் குயின் தென்னாபிரிக்காவின் சன் சிட்டி உல்லாச நகரில் பாடியது. அது பொபுதட்ஸ்வானா என்ற, நிறவெறி அரசு செயற்கையாக உருவாக்கிய தாயகத்துக்குள் இருந்தது. கறுப்பின மக்களை அத்தகைய தாயகங்களின் பிரஜைகளாக்கி, தென்னாபிரிக்கக் குடியுரிமையைப் பறிப்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். ஐக்கிய நாடுகளின் கலாசாரப் பகிஷ்கரிப்பு நடைமுறையில் இருந்தது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் குழுவுக்கு அபராதம் விதித்தது. தாங்கள் அரசியல் பாடவில்லை, ரசிகர்களுக்காகப் பாடினோம் என்பது குழுவின் நியாயம். ஆபிரிக்க மண்ணில் பிறந்து, அங்கிருந்து இனத்தின் பெயரால் ஓடவேண்டி வந்த ஒருவர் அந்த மேடையில் ஏறியதை அந்த நியாயம் சரிப்படுத்தாது. குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் வழிவந்த வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1985இன் தொடக்கத்தில் குழு களைத்திருந்தது. கலைந்துவிடும் என்றும் பேச்சு அடிபட்டது. ஜூலை 13ஆம் திகதி எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சி நிலைமையைத் திருப்பியது. லண்டன் வெம்பிளி அரங்கில் 72,000 பேர். குயினுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் அளவில். அந்த நேரத்துக்குள் மேர்க்குரி அரங்கம் முழுவதையும் ஒரே ஆளாகப் பாடவைத்தார். அந்த உற்சாகம் ஆறுவதற்குள் ஹைலேண்டர் வந்தது.

பாடல் பிறந்த விதம்

படத்தின் இயக்குநர் ரசல் மல்கேஹி, அவுஸ்திரேலியர். இசைக் காணொளிகள் எடுத்துப் பெயர் வாங்கியவர். இலங்கைக்கும் அவர் புதியவரல்ல. 1982இல் டுரான் டுரான் என்ற ஆங்கிலக் குழுவை இங்கே அழைத்துவந்து சிகிரியாவிலும் பொலன்னறுவையிலும் பாட்டுக் காட்சிகள் எடுத்தவர் அவர்தான். குயின் குழுவினரிடம் தன் படத்தின் சில பகுதிகளைப் போட்டுக் காட்டி, பாடல் கேட்டார். காட்சிகளைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று பிடித்துப்போனது. நாயகன் இளமையாகவே இருக்க, அவன் மனைவி கிழவியாகி அவன் மடியில் இறக்கும் காட்சி பிரையன் மேயை உலுக்கியது. வீடு திரும்பும் வழியிலேயே அவர் ஒரு சோகப் பாடலுக்கான கருவைப் பிடித்துவிட்டார். படத்தில் வரும் வசனமொன்றைப் பிடித்துக்கொண்டு ரெய்லர் இன்னொன்றை எழுதினார். தலைப்பு எழுத்துகளுக்கான பாடலை மேர்க்குரி எடுத்துக்கொண்டார். அதுதான் பிரின்சஸ் ஒஃப் த யூனிவர்ஸ்.

1986 ஜூனில் வந்த அல்பத்தில் மேர்க்குரி தனியே எழுதிய பாடல் இது ஒன்றே. முதலில் வாத்தியமே இல்லாமல் அடுக்கிய குரல்கள் கோயில் பாடகர் குழுவைப்போல எழும். அடுத்து ட்ரம்ஸும் மேயின் கிற்றாரும் மோதிக்கொண்டு உள்ளே வரும். குயின் அந்த ஆண்டுகளில் மெல்லிய பொப் இசைப் பக்கம் போயிருந்தது. இது பழைய கனத்த ரொக். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும். தாங்கள் ஆளப் பிறந்தவர்கள் என்று மார்தட்டும் குரல்தான் பாடல் முழுவதும்.

சாகாவரம் பெற்றவனைப் பற்றிய படத்துக்கு எழுதுபவர் தனிமையையோ துயரத்தையோ எடுத்திருக்கலாம். மேர்க்குரி திமிரை எடுத்தார். துரத்தப்பட்டவன் பரிதாபம் கேட்கமாட்டான், தலை நிமிர்ந்து தன்னை அரசன் என்று அறிவிப்பான் என்பது அவருடைய தெரிவு. படத்தின் நாயகன் நியூயோர்க்கில் பழம்பொருள் வியாபாரியாக வேறொரு பெயரில் வாழ்கிறான். பிறந்தவுடன் இறந்த குழந்தைகளின் பெயர்களை எடுத்து அவன் காலந்தோறும் கடதாசிகளைத் தயாரித்துக்கொண்டது பிறகு தெரியவருகிறது. புதுப் பெயரில் புது வாழ்வு என்பதை அனுபவித்து அறிந்த ஒருவர்தான் அந்தப் பாத்திரத்துக்குப் பாட்டு எழுதியிருக்கிறார்.

பாடலின் காணொளியையும் மல்கேஹியே எடுத்தார். படத்தின் இறுதிச் சண்டை நடந்த கூரை அரங்கமைப்பில், நாயகனாக நடித்த கிறிஸ்டோபர் லம்பேர்ட் வாளோடு வர, மேர்க்குரி மைக் தண்டைப் பிடித்து அவரோடு வாட்சண்டை போடுகிறார். அடிப்பகுதி இல்லாத அந்த அரைத் தண்டு ஆரம்ப நாட்களில் மேடையில் தற்செயலாக முறிந்து கையில் வந்தது. அப்படியே பிடித்துப்போய் அவருடைய செங்கோல் ஆகிவிட்டது.

படம் தோற்றது, பாட்டு நின்றது

ஹைலேண்டர் அமெரிக்காவில் படுதோல்வி அடைந்தது. போட்ட பணம் திரும்பவில்லை. அல்பமோ பிரித்தானியாவில் முதலிடத்துக்குப் போனது. 1986 ஓகஸ்ட் 9ஆம் திகதி நெப்வேர்த் பூங்காவில் 120,000க்கும் அதிகமானோர் முன்னிலையில் குயின் பாடியது. நால்வரும் சேர்ந்து நின்ற கடைசி மேடை அதுவாகிப் போனது.

1987இல் மேர்க்குரிக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியானது. ஹைலேண்டர் பாடலை மரணத்தை எதிர்கொண்டவனின் பாடல் என்று சிலர் எழுதுவதுண்டு. அந்தப் பாடல் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நோயை அறிந்தபின் அவர் செய்தது வேறு. ஸ்பானிய ஒப்பேராப் பாடகி மொன்செராட் கபாயேயுடன் பார்சலோனா அல்பத்தை 1988இல் வெளியிட்டார். 1989இல் ஒன்று, 1991இல் ஒன்று என குயினுடன் இன்னும் இரண்டு அல்பங்கள். நிற்கவே முடியாத நாட்களிலும் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரோ நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலைப் பதிவுசெய்து வைத்தார். மற்றவர்கள் பிறகு இசையை முடித்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பதிவுகள் 1995இல் வெளிவந்தன.

நோயை அவர் கடைசிவரை பகிரங்கப்படுத்தவில்லை. பத்திரிகைகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன. எயிட்ஸ் என்றால் ஒதுக்கிவைக்கும் காலம் அது. ஆண்களை நேசித்த ஆண் என்பதற்காக இரட்டை அவமானம் சுமத்தப்பட்ட காலமும்கூட. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் பிரித்தானியர் எழுதிவைத்த 365ஆம் பிரிவு அந்த மனநிலையின் மிச்சம்தான். 1991 நவம்பர் 23ஆம் திகதி தனக்கு எயிட்ஸ் இருப்பதாக அறிக்கை வெளியிட்டார். மறுநாள் இறந்தார். வயது 45.

பெயரை மாற்றியவர் மதத்தை மாற்றவில்லை. லண்டனில் நடந்த இறுதிச் சடங்கைப் பார்சிக் குருமார் தங்கள் பழைய மொழியில் மந்திரம் ஓதி நடத்தினார்கள். பொமியும் ஜெரும் மகனை பரோக்காகவே வழியனுப்பினார்கள். அவர் பெயரில் தொடங்கிய மேர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை எயிட்ஸ் ஒழிப்புப் பணிகளுக்கு இன்றும் உதவுகிறது.

1992இல் ஹைலேண்டர் தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஆறு ஆண்டுகள் ஓடியது. ஒவ்வொரு வாரமும் அதன் தொடக்கத்தில் மேர்க்குரியின் பாடல் ஒலித்தது. படத்தைத் திரையரங்கில் பார்க்காத ஒரு தலைமுறை, பாடியவர் உயிரோடு இல்லை என்பதைக்கூட அறியாமல், அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தது.

பிறந்த ஊர் அவரை ஏற்பதற்கு நாளெடுத்தது. 2006இல் அவருடைய அறுபதாவது பிறந்தநாளைச் சன்சிபாரில் கொண்டாட முயன்றபோது மத அமைப்பொன்று எதிர்த்தது. 2019இல்தான் அங்கே அவருக்கு ஒரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், பெல்தத்தில் அகதிக் குடும்பமாக அவர்கள் குடியிருந்த வீட்டுச் சுவரில் பிரித்தானிய மரபுரிமை நிறுவனம் நீல நிறப் பலகையொன்றைப் பதித்தது. அதில் பிரெடி மேர்க்குரி என்றும், கீழே அடைப்புக்குறிக்குள் பிரெட் புல்சாரா என்றும் எழுதியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரே மேடையில் நிற்க முடியாத இரண்டு பெயர்களும், அவர் இறந்து இருபத்தைந்தாவது ஆண்டில் ஒரே சுவரில் ஏறின.